‘சேர்த்தால்’ என்ற சொல்லை நீக்குங்கள்

கோடெக்ஸ் உணவுத் தர ஆணையத்தின் ஊட்டச்சத்துக் குழுவினருக்கு,

வணக்கம். நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியர். தாய்ப்பாலுக்கு ஈடில்லை என்று தாய்மாரிடம் எடுத்துச் சொல்வதும், பால் சுரக்கத் தாமதமானால் பக்கத்தில் அமர்ந்து குழந்தையைப் பிடித்துப் பழக்குவதும் என் அன்றாட வேலை. ஆனாலும் தாயை இழந்த குழந்தைகளும், எவ்வளவு முயன்றும் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். பால் மாவில் டி.எச்.ஏ., ஏ.ஆர்.ஏ. என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களைக் கட்டாயமாக்கக் கோரி, அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உலக நாடுகளுக்குப் பொதுவாக 1981-இல் நீங்கள் வகுத்து 2007-இல் திருத்திய தரநிலை, சிசுக்களுக்கான பால் மாவில் 100 கிலோ கலோரிக்கு லினோலிக் அமிலம் 300 மில்லிகிராமும் ஆல்பா லினோலெனிக் அமிலம் 50 மில்லிகிராமும் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. இவை தாவர எண்ணெய்களிலேயே கிடைத்துவிடும். மூளையிலும் விழித்திரையிலும் சேர வேண்டிய டி.எச்.ஏ., ஏ.ஆர்.ஏ. ஆகியவற்றைக் குழந்தையின் உடல் இவற்றிலிருந்து ஓரளவு செய்துகொள்ளும். ஆனால் அந்த அளவு சிறியது, மரபணுவைப் பொறுத்துக் குழந்தைக்குக் குழந்தை மாறுவது. கருப்பையில் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து பெற வேண்டிய சேமிப்பு, 30 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

65 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான கட்டுரையின்படி, தாய்ப்பாலின் கொழுப்பு அமிலங்களில் டி.எச்.ஏ. சராசரியாக 0.32 சதவீதம், ஏ.ஆர்.ஏ. 0.47 சதவீதம். மீன் உண்ணும் தாயின் பாலில் டி.எச்.ஏ. கூடும், உண்ணாதவரின் பாலில் குறையும், ஏ.ஆர்.ஏ.வோ அந்த அளவுக்கு ஏறி இறங்குவதில்லை. தாயின் உடல் இவ்வளவு கவனமாகக் காத்துத் தரும் ஒன்றைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடலாமா? உங்கள் தரநிலை, டி.எச்.ஏ. சேர்த்தால் குறைந்தது அதே அளவு ஏ.ஆர்.ஏ.வும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் ‘சேர்த்தால்’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

நிறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைச் சேர்ப்பதால் பார்வையிலோ அறிவு வளர்ச்சியிலோ தெளிவான நன்மை தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறியதை நான் மறைக்கவில்லை. ஆகவே குழந்தை புத்திசாலியாகும் என்று சொல்லி நான் இதைக் கேட்கவில்லை. அப்படிச் சொல்லி எவரும் பால் மாவு விற்கவும் கூடாது. தாய்ப்பாலில் உள்ளதைச் சேர்ப்பதற்கு ஆதாரம் கேட்பதை விட, சேர்க்காமல் விடுவதால் கெடுதல் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்பதே முறை என்று கருதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2020 பிப்ரவரி முதல் 100 கிலோ கலோரிக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை டி.எச்.ஏ.வைக் கட்டாயமாக்கிவிட்டது, ஏ.ஆர்.ஏ.வைக் கட்டாயமாக்காதது அதில் பெரிய குறை.

சில வாரங்களுக்கு முன், ஒரு குழந்தையின் பாட்டி இரண்டு டின்களை என் மேசைமேல் வைத்தார். விலை கூடிய டின்னின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் டி.எச்.ஏ. அளவு இருந்தது, மற்றதில் அந்த வரியே இல்லை. “இதுல எது வாங்கட்டும் சிஸ்டர்? விலைதான் பாதிக்குப் பாதி வித்தியாசமா இருக்கு” என்றார். அவர் மகள் பிரசவத்தில் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இரண்டு அமிலங்களையும் எல்லாப் பால் மாவிலும் கட்டாயமாக்குங்கள். அளவை 100 மில்லி பாலுக்கு இத்தனை மில்லிகிராம் என்று, வாங்குபவரின் மொழியில், படிக்கும்படியான எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்