ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

நாங்கள் எல்லோரும் நலம். உன் டிக்கெட்டைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். சிங்கப்பூருக்கே ஏழு மணி நேரமா, கால் தாங்காதே என்று நீ கவலைப்பட்டதாகச் சொன்னான். ஏழு இல்லை அம்மா. புறப்படுவது ராத்திரி 11 மணி, சென்னை நேரம்; இறங்குவது காலை 6 மணி, சிங்கப்பூர் நேரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதைக் கழித்தால் நாலரைதான். சுமார் 2,900 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வர இதைவிட அதிக நேரம் உட்காருவாய்.

அப்புறம் பெர்த்துக்கு 3,900 கிலோமீட்டர். ஐந்தேகால் மணி நேரம். சிங்கப்பூருக்கும் இங்கேயும் ஒரே நேரம் என்பதால் 9 மணிக்கு ஏறினால் 2.15க்கு இறங்குவாய், கழிக்க ஒன்றுமில்லை. திரும்பும்போது சிங்கப்பூரில் 10.30க்கு ஏறி 12 மணிக்கே சென்னை என்று போட்டிருக்கும். அப்போது அந்த இரண்டரையைக் கூட்டிக்கொள்.

சுற்றுவழி என்று அண்ணி சொன்னது சரிதான். நேராக அளந்தால் 6,300 கிலோமீட்டர், இப்படி வந்தால் 6,800. ஆனால் நடுவில் மூன்று மணி நேரம் காலை நீட்டி உட்காரலாமே, உன் முழங்காலுக்கு அதுதான் நல்லது. வீல்சேர் கேட்டிருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லிவிடாதே. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலே ஓடுகிறது, அவ்வளவு பெரிய இடம். பெட்டி நேரே பெர்த்துக்கு வந்துவிடும். சென்னை கவுன்ட்டரில் ஒட்டும் சீட்டில் பெர்த்தைக் குறிக்கும் பி.இ.ஆர். என்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்.

இங்கே வந்த பிறகு எனக்கும் தூரக் கணக்கு மாறிவிட்டது. சிட்னி இதே நாடு, ஆனால் 3,300 கிலோமீட்டர். இந்தோனேசியாவின் பாலித் தீவு அதைவிடக் கிட்ட. ஆபீஸில் லீவு கிடைத்தால் பாதிப் பேர் பாலிக்குத்தான் போகிறார்கள். வேலையாகச் சிட்னிக்குப் போனபோது போக நாலு மணி நேரம், வர ஐந்து. மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று போகும்போது தள்ளிவிடுகிறது, வரும்போது எதிர்க்கிறது. சிட்னியில் இருப்பவர்களைவிட நாங்கள் உனக்குப் பக்கம் என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

தேன், விதை, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் வேண்டாம், இங்கே விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வா. ஆனால் இறங்குமுன் நிரப்பும் அட்டையில் சாப்பாட்டுப் பொருள் உண்டு என்று மறக்காமல் குறித்துவிடு. மறைத்தால் அபராதம் பெரிது, காட்டினால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வை, டாக்டர் சீட்டோடு.

அன்புடன்,
உன் மகள்