செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கடற்கரையில் மனை வாங்குவதும் குடியிருப்பதும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். பல்லடம் வட்டார வீடு, மனை உரிமையாளர்களாகிய நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் முடித்துவிடலாம். சொத்துவரிப் பெயர் மாற்றம், தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு ஆகியவை குறித்து அனுப்பிய மனுக்களின் நகல்கள் கோப்பில் இருக்கின்றன; வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மாதக் கூட்டங்களில் அதிக நேரம் பிடித்தது நம் ஊர் விவகாரமே அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தொடங்கி மரக்காணம் வரை ரிசார்ட்டுகள் பெருகிவரும் பகுதியில் மனை வாங்கலாமா, தறியையும் பண்ணையையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அங்கேயே போய் இருந்துகொள்ளலாமா என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த கேள்வி. எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே. செயற்குழுவின் கருத்து இது: வருசத்தில் பாதி நாளாவது தங்கப்போகிறவருக்கு அது நல்ல இடம். பூட்டிப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று இருப்பவருக்குச் செலவு வைக்கும் இடம்.

தண்ணீர்

நம் பக்கத்து ஆள் அங்கே போனதும் மயங்குவது தண்ணீரைப் பார்த்துத்தான். இங்கே ஆயிரம் அடி போர் ஓட்டியும் புழுதி பறக்கிறது. அங்கே மணலில் பதினைந்து, இருபது அடியில் தண்ணீர்; பல இடங்களில் குடிக்கிற தண்ணீர். உடனே ஐந்து எச்.பி. சப்மெர்சிபிளை இறக்கக் கை பரபரக்கும். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

கடலோர மணலில் இருக்கும் நன்னீர், மழையாக இறங்கி உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு படலம். நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருடையது 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கிவிட்டால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். ஒரே நாளில் ஏறாது. ஆனால் ஏறிவிட்டால், மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது; பல மழைக்காலம் பிடிக்கும். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் என்ற நம் ஊர் நம்பிக்கை அங்கே தலைகீழ். பக்கத்து ரிசார்ட்காரர் நீச்சல்குளத்துக்கு இரவு பகலாக இறைத்தாலும் பாதிப்பு நம் கிணற்றுக்கும்தான். மணலுக்கு வரப்பு கிடையாது.

ஆகவே போர் வேண்டாம். அகலமான உறைக்கிணறு, கோடையில் நிற்கும் நீர்மட்டத்துக்குக் கீழே ஐந்தாறு அடிக்கு மேல் போகாமல். அரை எச்.பி. மோட்டார். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எடுத்து மேல்தொட்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இடையில் கிணறு ஊற விட வேண்டும். சட்டமும் இதையே ஒட்டி இருக்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது, அங்கேயே வாழும் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவை தவிர, தடைசெய்யப்பட்டது. 200 முதல் 500 மீட்டர் வரை சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கத்தான் அனுமதி, அதுவும் வேறு நீராதாரம் இல்லாதபோது. அந்த எல்லைக்குள் வரும் மனையில் மோட்டாருக்கே இடமில்லை.

மனை பார்க்கப் போகும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். மே மாதக் கடைசியில் அளக்க வேண்டும். டிசம்பரில் அளந்தால் எல்லாக் கிணறும் இனிக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. அதற்கு மேல் போனால் ஆர்.ஓ. போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் உப்புக் கழிவைத் தள்ளும். அதை வாசலில் விட்டால் அதே மணல்வழியே அதே கிணற்றுக்குத் திரும்பி வரும்.

மழைநீரில் மட்டும் அங்கே நமக்குக் கொடுப்பினை அதிகம். சென்னை, புதுச்சேரிக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் பெய்கிறது. நம் பக்கம் அதில் ஏறத்தாழ பாதிதான். 1,000 சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே 96 ஆயிரம் லிட்டர் தேறும். கூரையைக் கழுவும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியைக் கிணற்றோரக் குழியில் இறக்கினால் அந்த நன்னீர்ப் படலம் தடிக்கும்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருப்பதைக் காட்டி, தண்ணீருக்குக் கவலையே இல்லை என்று புரோக்கர் சொல்வார். 2013-இல் திறந்த ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் திறந்தது 15 கோடி லிட்டர். அவை சென்னைக்குத் தண்ணீர் தரக் கட்டியவை. நாம் பார்க்கும் மனை வரை குழாய் வந்திருக்கிறதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும், புரோக்கரிடம் அல்ல.

செப்டிக் டேங்க் விசயத்திலும் நம் வழக்கம் செல்லாது. நம் செம்மண்ணும் ஓடைக்கல்லும் கழிவுநீரை மெதுவாக விடும். மணல் அப்படியே விட்டுவிடும். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். ஐந்து சென்ட் மனையில், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இந்த இடைவெளி கிடைப்பதே பாடு. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் தரையைத் தொடும். அப்போது உறிஞ்சுகுழி உறிஞ்சாது, எதிர்த்துக்கொண்டு வரும். குழியைத் தரைக்கு மேலே மேடு கட்டி அமைப்பதுதான் வழி. அந்த மாதங்களில் லாரி வைத்து டேங்கைக் காலி செய்யவும் கூடாது. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத் தொட்டியை நாலரை டன் விசையோடு தண்ணீர் மேலே தள்ளும். காலித் தொட்டி படகுபோல் எழும்பி, குழாய் இணைப்புகள் எல்லாம் முறியும். தரையடிச் சம்புக்கும் இதே விதி.

கட்டடம்

உப்புக்காற்று கம்பியைத் தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படித் தின்கிறது என்பது தெரிந்தால்தான் எங்கே செலவழிப்பது என்று தெரியும். காற்றோடு வரும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊறிப் போய்க் கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் பூசி வெள்ளையடிப்பதால் பயனில்லை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456 விதிப்படி, கடற்காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்-30 தரம், தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும். அலைத்துளி தெறிக்கும் இடமானால் எம்-35, 50 மில்லிமீட்டர். நம் ஊரில் ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர் வைத்துப் பழகிய கொத்தனாரை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போனால் அங்கேயும் 20-தான் வைப்பார். கவர் பிளாக்கை ஜல்லித் துண்டால் ஒப்பேற்றாமல், அதே தரக் கான்கிரீட்டில் வார்த்து வைக்கச் சொல்ல வேண்டும். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிணற்றுநீரைப் பரிசோதிக்காமல் ஊற்றக் கூடாது. பி.பி.சி. என்னும் சாம்பல் கலந்த சிமெண்டோ இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டோ போட்டு, பத்து நாளுக்குக் குறையாமல் நல்ல தண்ணீரில் க்யூரிங் செய்ய வேண்டும். பணம் போதாமல் வேலையை நிறுத்தும்போது தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி மூடிவிடுங்கள். ஆறு மாதம் திறந்து கிடந்த கம்பி உப்பு ஏறிய கம்பி.

கீல், தாழ்ப்பாள், திருகாணி எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாது. மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கள். ஜன்னலுக்கு யு.பி.வி.சி. தகர ஷெட் வேண்டாம், ஓடு நிற்கும். ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் மேற்குச் சுவரில் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பூட்டிய வீடு கெடுவது இங்கேதான். கழுவ ஆளில்லை, ஜன்னல் திறக்க ஆளில்லை. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இங்கிருந்து சேலம், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர ஒரு பகல் ஆகிறது. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள் நாலாம் மாதத்துக்கு மேல் போவதில்லை.

எல்லையும் சட்டமும்

வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பார்ப்பது பற்றி நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் இவை எல்லாம் சரியாக இருந்தும் வீடு கட்ட முடியாமல் போகலாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஊராட்சிப் பகுதிகளில் பொதுவாக முதல் 200 மீட்டர் கட்டுமானமே கூடாத இடம். 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. நம் மனை எந்தப் பிரிவில் வருகிறது என்பதை ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கழிமுகம், உப்பங்கழி ஓரங்களுக்கும் தனி எல்லை உண்டு. முட்டுக்காட்டுப் பக்கம் பார்ப்பவர்கள் கடலை மட்டும் பார்த்துவிட்டு முதுகுப்புறத்துத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள்.

ஆளுக்கு ஐந்து சென்ட் எடுத்து ரிசார்ட் போடலாம் என்ற யோசனை கூட்டத்தில் வந்தது. 2011 அறிவிக்கையின்படி, ஊராட்சிப் பகுதிக் கடற்கரை ரிசார்ட்டுக்கு மனை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது, எல்லாத் தளமும் சேர்ந்து கட்டடப் பரப்பு 33 சதவீதத்துக்குள், உயரம் 9 மீட்டர், இரண்டு தளம். இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே மக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் வழி விட வேண்டும். மாமல்லபுரத்தில் நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி.

காற்று, கடல், ஊர்

அனுகூலங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சித்திரை வெயிலில் மதியம் கடற்காற்று இறங்கியதும் வெக்கை தணியும். தென்னை கேட்காமலே காய்க்கும். சென்னையின் ஆஸ்பத்திரிகளும் விமான நிலையமும் பக்கம். சாலை நல்ல சாலை. பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகளால் வாடகைக்கு ஆள் கிடைக்கும். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கோவளத்துக்கு 2021-இல் கிடைத்தது; சுத்தமும் காவலும் கூடின.

ஆனால் நம் ஆடிக்காற்றை வைத்து அந்தக் காற்றை எடை போடாதீர்கள். 2011-இல் தானே புயல், 2016-இல் வர்தா, 2020-இல் நிவர், 2022-இல் மாண்டஸ், இந்த அறிக்கைக் காலத்திலேயே 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என எல்லாமே அந்தக் கரையில் ஏறியவை. சுனாமி 2004-இல். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு நிற்கிற மனையாகப் பாருங்கள். காட்சி மறைகிறது என்று அதை வெட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கரை அரிப்பைப் பார்க்க ஒரு சுலபமான வழி: மனைக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகமோ கல்சுவரோ வந்தால் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கடல் தின்னும். புதுச்சேரித் துறைமுகத்தின் வடக்கே இருக்கும் மீனவக் குப்பங்கள் கரையை இழந்தது இப்படித்தான்.

ஊரோடு ஒத்துப்போவதும் கணக்கில் வரும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை சாலை நெரியும், பாட்டுச் சத்தம் கேட்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகு போகாததால் மீன் விலை ஏறும். வலை காயப்போடும் மணலையும் படகு ஏற்றும் வழியையும் வேலி போட்டு அடைத்தால் குப்பத்தோடு தீராத வழக்குதான். பத்திரத்தில் இருந்தாலும் நடைபாதையை விட்டுக் கொடுப்பதே நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிட ஏறும். கடல் பார்த்த விளக்கை அணைத்து வைக்க வேண்டும், இல்லையேல் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து சாலைக்கு வந்துவிடும்.

வாடகை வருமானம் வார இறுதிக்கு மட்டும்தான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தினவாடகைக்கு விட்டால் மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் போய்விடும்.

பொதுக்குழுவின் முன் வைப்பவை

சங்கத்தின் செலவில் இரண்டு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, மனை பார்க்கப் போகும் உறுப்பினர்களுக்கு இரவல் கொடுப்பது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணை அலுவலகத்தில் கொடுத்தால் கடலோர வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல இருவர் கொண்ட துணைக்குழு அமைப்பது. எந்த மனையையும் மே கடைசியில் ஒருமுறை, நவம்பர் மழையில் ஒருமுறை பார்த்த பின்பே கிரயம் பேசுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது. இம்மூன்றையும் ஏற்றுத் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
பல்லடம்.