கடைவாய்ப் பல் இரண்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபப்பட்டு போனை வைத்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் பணம் அனுப்பியிருக்க மாட்டேனா" என்று கேட்டாய். போனில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசாமல் இருந்தேன். அங்கே ராத்திரி ஷிப்டுக்குப் போகிற பிள்ளையை அழ வைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பாப்பா இதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவாள்.

காசை மிச்சம் பிடிக்க நான் பல்லைப் பிடுங்கவில்லை. விவரம் தெரியாமலும் பிடுங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் சத்துணவில் வேலை பார்த்தவள் நான். சொத்தை என்றால் என்ன, அடைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நடந்ததை அப்படியே சொல்கிறேன், கேள்.

புரட்டாசியில் வலி ஆரம்பித்தது. கீழ்வரிசை, இடது பக்கம், கடைவாய்ப் பல். முதலில் கிராம்பு வைத்துப் பார்த்தேன், அப்புறம் மருந்துக் கடையில் வலி மாத்திரை. மாத்திரை போட்டால் மத்தியானம் வரைக்கும் தாங்கும். படுத்தால் தாங்காது. காதுக்குள்ளே போய்க் குத்தும். உன் அப்பா விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகத் துணி ஒற்றடம் கொடுத்தார்.

சரி என்று தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஓ.பி. சீட்டுக்கும் காசு கிடையாது. இரண்டும் பெரிய உதவி, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல் டாக்டர் அங்கே ஒரே ஒருவர். அன்றைக்கு அவரை வேறு ஊர் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவில் பூட்டு. வியாழக்கிழமை வாங்க என்றார்கள். வியாழக்கிழமை போனால் எனக்கு முன்னால் நாற்பது பேர். ஒரே நாற்காலி. டாக்டர் சின்னப் பெண், உன் தங்கை வயதுதான் இருக்கும். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை. வாயைப் பார்த்தாள், சர்க்கரையைப் பார்க்கச் சொன்னாள். 286. "இவ்வளவு சர்க்கரையோட கை வைக்க மாட்டேம்மா, புண் ஆறாது, மாத்திரை தர்றேன், குறைச்சுட்டு வாங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்காது, சர்க்கரை இறங்காவிட்டால் ஈறு ஆறாது என்றும் அவள்தான் விளக்கினாள். பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதுவரை ஒருத்தரும் என் வாயைத் திறந்து பார்த்ததில்லை.

இதை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் ஆரம்பித்தார்கள் இல்லையா, அதில் மாசாமாசம் வீட்டு வாசலுக்கு மாத்திரை வந்துவிடுகிறது. பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். பல் மட்டும் உடம்பில் சேர்த்தி இல்லை போல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். தாடை எலும்பு முறிந்து ஆபரேஷன் என்றால் பார்க்கலாம், பல்லைப் பிடுங்காமல் வேருக்குள்ளே சுத்தம் செய்து அடைக்கிற வேர் சிகிச்சை, அதன் மேலே உறை மாதிரி மாட்டுகிற கேப் எல்லாம் இதில் வராது என்று கவுண்டரில் சொன்னார்கள். ஐந்து லட்சம் என்று அட்டை வைத்திருக்கிறோம், ஒரு கடைவாய்ப் பல்லுக்கு அது உதவவில்லை.

மூன்றாவது தடவை போனபோது சர்க்கரை 170க்கு வந்திருந்தது. அந்தப் பெண் நன்றாகப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, இந்தப் பல்லைக் காப்பாத்தலாம். நரம்பு வரைக்கும் சொத்தை போயிடுச்சு, ஆனா வேர் நல்லா இருக்கு. வேர் சிகிச்சை செஞ்சு கேப் போட்டா இருபது வருஷம் வரும். ஆனா இங்க என்னால செய்ய முடியாது." எக்ஸ்ரே மிஷின் ரிப்பேராகி எட்டு மாசமாம். வேருக்குள் விடுகிற ஊசிகள் கேட்டு எழுதியிருக்கிறாளாம், வரவில்லையாம். வந்தாலும் ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் வேண்டும். வெளியே நாற்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் யாரை எழுந்து போகச் சொல்வாள்? பிடுங்குவது பத்து நிமிஷ வேலை. அது இலவசம். காப்பாற்ற வேண்டுமானால் வெளியே போ என்கிறார்கள்.

வெளியேயும் போனேன் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற கிளினிக்கில் கேட்டேன். வேர் சிகிச்சை 4,000, கேப் 5,000. பக்கத்துப் பல்லும் போயிருக்கிறது, அதற்கும் அதே கணக்கு. மொத்தம் 18,000. அந்த மாசம் நீ அனுப்பியது 20,000. குழுக் கடன் தவணை 6,200, தங்கைக்கு ஹாஸ்டல் பீஸ், அப்பா கண் ஆபரேஷனுக்கு மதுரை போய்வந்த செலவு. இதில் எதை நிறுத்துவது? உன்னிடம் கேட்டால் நீ அனுப்புவாய், தெரியும். நீயும் யாரிடமாவது வாங்கித்தான் அனுப்புவாய், அதுவும் தெரியும். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தை முதல் வாரத்தில் பிடுங்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதும் பாதி உதடு பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. வலி இல்லை, ஆனால் சத்தம் கேட்டது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம், தலைக்குள்ளேயே. பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் பல்லைக் கிண்ணத்தில் போடாமல் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னிடமும் காட்டினாள். மேலே கறுப்பாகக் குழி. கீழே இரண்டு வேர், நீளமாக, ஒரு பழுதும் இல்லாமல், கழுவிய வெள்ளைப்பூண்டு மாதிரி. "பாருங்கம்மா" என்றாள், வேறு ஒன்றும் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஐந்து வருஷம் படித்துவிட்டு, காப்பாற்றத் தெரிந்த பல்லைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கிறது. மாசியில் அடுத்த பல்லையும் அவள்தான் எடுத்தாள். நீ வீடியோவில் பார்த்த சந்து அதுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் மருத்துவக் குழு வண்டியில் வரும். டார்ச் அடித்து வாயைப் பார்த்து, சீட்டில் 'பல் சொத்தை' என்று எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவார்கள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சீட்டு வரும். நான்தான் அம்மாமாரைக் கூப்பிட்டு, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கடி, ஏன் இப்படி அசட்டையா இருக்கீங்க" என்று சத்தம் போடுவேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், டாக்டர் இல்லை என்று திரும்பி வந்தவர்கள் அவர்கள். என்னிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. இப்போது அவர்களில் யாரைத் தெருவில் பார்த்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் ஒருத்தியிடம் சொல்லியே விட்டேன், அன்றைக்கு உன்னைத் திட்டினது தப்புடி என்று. அவளுக்கு ஞாபகமே இல்லை.

டாக்டருக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. ஊர் ஊருக்குத் தனியார் பல் கல்லூரி. நம் மேலத் தெரு வாத்தியார் மகள் பி.டி.எஸ். முடித்துவிட்டு வேலை இல்லாமல் ஒரு கிளினிக்கில் 12,000 ரூபாய்க்கு நிற்கிறாள். அரசாங்கக் கல்லூரிதான் குறைவு. சென்னையில் 1953இல் ஆரம்பித்தது ஒன்று. சிதம்பரத்தில் இருந்தது பிற்பாடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நம் பக்கத்துக்கு என்று புதுக்கோட்டையில் 2023இல்தான் திறந்தார்கள். எழுபது வருஷம் ஆகியிருக்கிறது பார். ஆஸ்பத்திரியில் நாற்காலி ஒன்று, வெளியே வேலை இல்லாத டாக்டர் நூறு பேர். நாலு நாற்காலி போட்டு நாலு பேரை வேலைக்கு எடுத்தால் என் பல் வாயில் இருந்திருக்கும். இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. ஏன் செய்யவில்லை என்பதுதான் புரியவில்லை.

வேப்பங்குச்சியில் தேய்த்திருந்தால் இப்படி வந்திருக்காது என்று உன் சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி, சரிதான். உன் தாத்தாவும் வேப்பங்குச்சிதான். ஐம்பத்தைந்து வயதில் பொக்கை வாயோடு தோசையை ஊற வைத்துச் சாப்பிட்டார். சொத்தை விழுந்த பல்லைக் குச்சி திருப்பிக் கொடுக்காது.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டாயே. வலி இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். வலது பக்கமே மெல்லுவதால் அந்தப் பக்கம் தாடை வலிக்கிறது. கடலை, கொய்யா, கறி மூன்றையும் விட்டாயிற்று. இடைவெளியை அப்படியே விட்டால் மேல் பல் கீழே இறங்கிவிடும், பக்கத்துப் பல் சாய்ந்துவிடும் என்று சொன்னார்கள். அதனால் பல் செட்டுக்குப் புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அளவு எடுக்க ஒரு நாள், கடி பார்க்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், அப்புறம் உறுத்தினால் ராவ ஒன்றிரண்டு நாள். காரைக்குடி வரைக்கும் டவுன் பஸ், அதற்கு மேல் டிக்கெட் எடுக்க வேண்டும். போய்வந்தால் ஒரு நாள் முழுசாகப் போகும். போகிறேன். இந்தத் தடவை செலவை உன்னிடம் மறைக்க மாட்டேன். சத்தியமாக.

நீ பேசும்போது இடையில் ஒன்று சொன்னாய், கோபத்தில் சொன்னதால் நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். "எனக்கே தண்ணி குடிச்சா பல் கூசுது, நான் யார்கிட்ட சொல்றது" என்றாய். உன் கம்பெனி இன்சூரன்ஸில் பல் வராது என்று முன்னாடியே சொல்லியிருக்கிறாய். அங்கே டாக்டர் கட்டணம் கேட்டுத்தானே நீயும் தள்ளிப்போடுகிறாய்? ஐயா, நான் புரட்டாசியில் தள்ளிப்போட்டதுதான் தையில் போனது. கூச்சமாக இருக்கும்போதே போனால் சிமெண்ட் வைத்து அடைத்து அனுப்பிவிடுவார்கள். வர்ற மாசம் வீட்டுக்கு அனுப்புகிற பணத்தில் குறைத்துக்கொண்டு போ. குழுத் தவணையை ஒரு மாசம் நான் பேசிக்கொள்கிறேன். லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, உன் லீவுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கிறது.

எந்தப் பக்கம் பல் என்று எழுது. குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் கூசுகிறதா, சூடு பட்டாலும் வலிக்கிறதா, தூக்கத்தில் எழுப்புகிறதா, மூன்றையும் மறைக்காமல் எழுது. அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன், வியாழக்கிழமை இருப்பாள்.

இப்படிக்கு,
அம்மா