தரங்கம்பாடி மாங்காய்க்கார அக்காவுக்கு

மே விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போயிருந்தோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கரைக்கு இறங்கினோம். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். திடீரென்று ஐந்து வயது மகள் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனேன். மாங்காய்க் கூடையை மணலிலேயே போட்டுவிட்டு ஓர் அக்கா ஓடி வந்தார். “நல்ல தண்ணி ஊத்தாதம்மா, சொறி பட்டிருக்கு. தேய்க்கவும் தேய்க்காத” என்றார். சொறி என்று அவர் சொன்னது ஜெல்லிமீனை. கடல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி, ஒட்டியிருந்த இழையைக் குச்சியால் மெதுவாக எடுத்தார். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருப்பது இன்னும் விஷத்தைக் கக்கும் என்று பிறகு மருத்துவரும் சொன்னார். அப்புறம் டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, பிள்ளையின் காலை அதில் வைத்தார். அரை மணி நேரத்தில் அழுகை விசும்பலாகி அடங்கியது. அவ்வளவு நேரமும் எங்கள் சின்னவன் அவர் இடுப்பில்தான் இருந்தான். அது வியாபாரம் நடக்கிற நேரம் வேறு.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் தேடி வந்தோம், நீங்கள் இல்லை.

அக்கா, மகளுக்குத் தழும்புகூட இல்லை. அவள் கையில் நீங்கள் திணித்த மாங்காய்க்குக் காசு தர வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரொம்ப நன்றி அக்கா.