ரூஜ் காட்டுப் பாதைகளில் எங்கள் முதியவர்களும் நடக்க உதவுங்கள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் வாழும் எங்கள் அம்மா அப்பாமாரை, அம்மம்மா அப்பப்பாமாரை, வருகிற நவம்பர் முதல் ஏப்ரல் வரை ரூஜ் பூங்காவின் நடைபாதைகளுக்குக் கூட்டிச் செல்வதற்காக, நடைக் குழுவினராகிய நாங்கள் 9,500 டொலர் சேர்க்கிறோம். அந்தப் பணம் எதற்கு, எப்படிச் செலவாகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். ஆறுதலாகப் படித்துவிட்டு, உங்களால் முடிந்ததைத் தாருங்கள்.

முதலில் பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோர்னிங்சைட், ஷெப்பர்ட், பின்ச் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரூஜ் பத்துப் பதினைந்து நிமிடக் கார் ஓட்டம்தான். கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா இது. இதற்கென்றே தனிச் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. தெற்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் தொடங்கி, வடக்கே மார்க்கத்து வயல்வெளிகளையும் தாண்டிப் போகிறது. பரப்பு 79 சதுர கிலோமீற்றருக்கு மேல். 1,700க்கும் அதிகமான வகைத் தாவரங்களும் உயிரினங்களும் இதற்குள் இருக்கின்றன. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் நுழைவுச்சீட்டுக்குக் கணிசமாகச் செலவு செய்த எத்தனையோ குடும்பங்களுக்கு, அதற்குப் பக்கத்திலேயே ஒரு காட்டுப் பாதை தொடங்குகிறது என்பது தெரியாது. இத்தனை காலம் இந்த ஊரில் இருந்தும் எங்களில் பலருக்கு அது தெரியாமல் போனதுதான் எங்களை இந்த வேலையில் இறக்கியது.

அந்த இடத்தில் தொடங்கும் விஸ்டா பாதை ஒன்றரைக் கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை. கொஞ்சத் தூரத்தில் ஒரு மர மேடை வரும். அதில் நின்றால் கீழே லிட்டில் ரூஜ் ஓடை ஓடும் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஒக்டோபர் நடுவில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறும்போது அந்த மேடையில் நிற்பவர்களுக்குத் திரும்பிப் போக மனம் வராது. மாஸ்ட் பாதை இரண்டரைக் கிலோமீற்றர், கொஞ்சம் மேடு பள்ளம். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் பாய்க்கப்பல்களின் பாய்மரத்துக்காக வெட்டிய நெடுமரங்களை இந்த வழியாகத்தான் இழுத்துச் சென்றார்கள். அதைவிடப் பழைய மனித வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு. பீட் ஹில் என்ற இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் செனக்கா என்ற பழங்குடி மக்களின் கிராமம் இருந்தது. இன்று அது தேசிய வரலாற்றுத் தலம். பிறந்த மண்ணை விட்டு வந்த நாங்கள், இந்த மண்ணில் எங்களுக்கு முன் வாழ்ந்தவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று குழு நினைக்கிறது.

மே மாதத்தில் மரத்தடியெங்கும் ட்ரில்லியம் பூத்திருக்கும். மூன்று வெள்ளை இதழ்கள் கொண்ட அந்தப் பூதான் ஒன்ராறியோ மாகாணத்தின் மலர். செப்டெம்பர், ஒக்டோபரில் ஏரியிலிருந்து சாமன் மீன்கள் ஆற்றில் எதிர்நீச்சலடித்து ஏறி வரும். ஒரு முறை பார்த்த பேரப்பிள்ளைகள் அடுத்த ஆண்டும் கேட்பார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் பிளாண்டிங் ஆமைக் குஞ்சுகளை, மிருகக்காட்சிச்சாலையும், பூங்காவை நடத்தும் அரசு நிறுவனமான பார்க்ஸ் கனடாவும் சேர்ந்து வளர்த்து, 2014 முதல் இங்குள்ள ஈரநிலத்தில் விட்டு வருகின்றன.

சரி, இவ்வளவும் பக்கத்தில் இலவசமாக இருக்க, எங்கள் முதியவர்கள் ஏன் போவதில்லை?

பிள்ளை பார்க்க என்று ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால், பின்னேரம் வரை வீட்டில் அவர் தனியாகத்தான். ஊரில் என்றால் கோயிலுக்கு நடப்பார், சந்தைக்கு நடப்பார், ஒழுங்கையில் இரண்டு பேருடன் கதைத்துவிட்டு வருவார். அதற்கு நடைப்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இங்கே ஒக்டோபர் முடிந்ததும் கதவு சாத்தப்படும். ஏப்ரல் வரை பேஸ்மென்டும் தொலைக்காட்சியும்தான். ஆறு மாதத்தில் கால் பலம் போய்விடுகிறது. சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. மனச்சோர்வை வெளியே சொல்லவும் மாட்டார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும், விழாமல் இருப்பதற்காகச் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று கனடாவின் உடற்பயிற்சி வழிகாட்டி சொல்கிறது. சமதளமான மோலுக்குள் சுற்றுவது நல்லதுதான். ஆனால் வேரும் கல்லும் மண்ணும் உள்ள பாதையில் காலை எடுத்து வைக்கும்போதுதான் கணுக்காலும் இடுப்பும் தங்கள் வேலையை மறக்காமல் இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். எங்கள் முதியவர்களில் சிலருக்குக் காடு என்ற சொல்லே இடப்பெயர்வைக் கொண்டு வருகிறது. வன்னியில் மரங்களுக்குள் இரவு கழித்தவர்கள் இருக்கிறார்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டு பாதையை விட்டு ஒரு அடி விலகாமல் நடந்தவர்கள் இருக்கிறார்கள். தனியாக ஒரு காட்டுப் பாதையில் போய் நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை. தங்கள் மொழியில் கதைக்கிற நாலு பேர் முன்னும் பின்னும் வந்தால் நிலைமை வேறு. இளைஞர்கள் இருவர் முன்னாலும் இருவர் கடைசியிலும் நடக்க வேண்டும், ஒருவரும் பின்தங்கிப் போகக் கூடாது என்பது எங்கள் நடையின் முதல் விதி. வர விருப்பமில்லாதவரை யாரும் வற்புறுத்துவதும் இல்லை.

கோடையில் எங்களுக்குப் பெரிய செலவு கிடையாது. ரொறன்ரோ நகரின் ரி.ரி.சி. பஸ் மிருகக்காட்சிச்சாலை வரை போகிறது. குடும்பத்தினர் கொண்டுவந்து இறக்கியும் விடுவார்கள். சிக்கல் குளிர்காலத்தில்தான். பூங்காப் பாதைகளில் பனி அள்ளுவதும் இல்லை, உப்புத் தூவுவதும் இல்லை. பகலில் இளகிய பனி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடியாக நிற்கும். பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்க விடும் சூப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு மாகாண மருத்துவக் காப்பீடும் இல்லை, தனியார் காப்பீடுதான். ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் குடும்பமே ஆடிப்போகும். “அம்மாவை அங்கே அனுப்பப் பயமாக இருக்கிறது” என்று பிள்ளைகள் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும்படி நடையை ஒழுங்கு செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பு. கேட்கிற பணத்தின் பெரும்பகுதி அதற்குத்தான்.

இனிக் கணக்கு. பத்து நடைகளுக்கு வாகன வாடகை, ஒரு நடைக்கு வரியோடு 600 டொலர் வீதம், 6,000 டொலர். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் படிகள் உயரம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் அதில் ஏறி இறங்கப் படும் பாட்டைப் பார்த்த பிறகு, படி தாழ்ந்த சிறிய பஸ்தான் வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. இந்த ஒரு விடயத்தில் மலிவைத் தேட மாட்டோம்.

சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற, அடியில் இரும்பு முள் வைத்த ரப்பர் வார் 40 சோடி, சோடி 30 டொலர் வீதம் 1,200 டொலர். ஊன்றி நடக்கும் கோல்கள் 30 சோடி, சோடி 40 டொலர் வீதம் இன்னொரு 1,200 டொலர். இவை யாருக்கும் சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. நடை தொடங்கும் இடத்தில் எடுத்து, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் பயன்படும். கோலை எப்படிப் பிடிப்பது, இறக்கத்தில் எந்தக் காலை முதலில் வைப்பது என்பதை முதல் நடைக்கு முன் ஒரு சமதளத்தில் வைத்துச் சொல்லிக் கொடுப்போம்.

நடை நடத்தும் நால்வருக்கு முதலுதவிப் பயிற்சி, 600 டொலர். மீதி 500 டொலர் ஒரு சிறிய தமிழ்க் கையேட்டை அச்சிட. இந்தக் கையேட்டைச் சின்ன விடயமாக நினைக்க வேண்டாம். பாதை முகப்பில் இருக்கும் அறிவித்தல்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் போட்டிருப்பார்கள். எங்கள் அம்மாமார் அதைக் கடந்து போய்விடுவார்கள். அதில் உயிர் காக்கும் செய்தி இருக்கிறது. கறுங்கால் உண்ணி இந்தப் பகுதியில் உண்டு. லைம் நோயைப் பரப்புவது அதுதான். குளிர்காலம் முடிந்து வெப்பநிலை 4 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அது நடமாடத் தொடங்கிவிடும். ஆகவே ஏப்ரல் நடைகளில் காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். சேலையோடு வருபவர்கள் உள்ளே நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விட வேண்டும். வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் எண்ணெய் பூசுவதோ சூடு வைப்பதோ கூடாது. நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். பிறகு வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று இலை கொண்ட பொய்சன் ஐவிச் செடியைத் தொட்டால் தோல் புண்ணாகும். இப்படிப்பட்ட விபரங்களைப் பெரிய எழுத்தில், படத்தோடு தமிழில் போடுவோம். குருவிக்கும் அணிலுக்கும் சாப்பாடு போடக் கூடாது என்பதையும் சேர்ப்போம். பசித்த உயிருக்கு ஒரு பிடி போடுவது எங்கள் வழக்கம். ஆனால் காட்டு உயிர் மனிதக் கையை நம்பிப் பழகினால் அதற்குத்தான் கேடு.

ஆக மொத்தம் 9,500 டொலர். குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. காப்பீட்டுக்கான தொகையைக் குழு உறுப்பினர்களே பகிர்ந்து கட்டுகிறோம். நடைக்குப் பிறகான தேநீரும் வடையும் வீடுகளிலிருந்து வரும். பூங்காவுக்குள் நாங்கள் எதையும் கட்டப் போவதில்லை, இருக்கையோ பெயர்ப் பலகையோ வைக்கப் போவதில்லை. பாதையைப் பராமரிப்பது பார்க்ஸ் கனடாவின் வேலை. குழுவாக வருவதைப் பூங்கா அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி நடப்போம். பனிப்புயல் எச்சரிக்கை வந்தாலோ குளிர் அளவுக்கு மீறினாலோ அன்றைய நடையை இன்னொரு நாளுக்கு மாற்றுவோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். நாங்கள் பதிவு செய்யப்பட்ட அறக்கொடை அமைப்பு அல்ல. ஆகவே வருமான வரியில் கழிக்கக் கூடிய பற்றுச்சீட்டு எங்களால் தர முடியாது. கொடுக்கிற ஒவ்வொரு தொகைக்கும் சாதாரணப் பற்றுச்சீட்டு தருவோம். வரவையும் செலவையும் ஒவ்வொரு மாதமும் எழுதி, நன்கொடை தந்த எல்லாருக்கும் அனுப்புவோம். பெயர் வெளியில் வேண்டாம் என்றால் வராது. வரிச் சலுகை முக்கியம் என்று நினைப்பவர்களைக் குறைவாக நினைக்க மாட்டோம். அவர்கள் வேறு வழியில் உதவலாம்.

அந்த வேறு வழிகளும் எங்களுக்குப் பணம் அளவுக்கு முக்கியம். வீட்டு அலுமாரியில் கிடக்கும் நல்ல நிலையிலுள்ள பனிச் சப்பாத்து, தடித்த ஜக்கெற், கையுறை இருந்தால் தாருங்கள். புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்கும் அகதிக் கோரிக்கையாளர்களுக்கும் அவை உதவும். அவர்களும் இந்த நடைகளுக்கு வரலாம். முதியவர்களோடு இளையவர்கள் நடந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்கு 40 மணிநேரச் சமூக சேவை கட்டாயம். தங்கள் பாடசாலை ஒப்புக்கொண்டால் அதில் ஒரு பகுதியை எங்களோடு நடந்து நிறைவு செய்யலாம். தாதியராகவோ உடலியக்கச் சிகிச்சையாளராகவோ வேலை செய்பவர்கள் ஒரு சனிக்கிழமைக் காலையை எங்களுக்குத் தந்தால், அதன் பெறுமதியை டொலரில் எழுத முடியாது.

எவ்வளவு கொடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு: 30 டொலர் ஒருவர் காலில் இரும்பு முள் வாராகும். 40 டொலர் ஒருவர் கையில் சோடிக் கோலாகும். 600 டொலர் ஒரு பஸ் நிறைய முதியவர்களை ஒரு சனிக்கிழமை வெளியே கொண்டுவரும். பிறந்தநாள், திருமண நாள், ஆண்டுத் திவசம் போன்ற நாட்களை முன்னிட்டு ஒரு நடையை ஒரு குடும்பமாக ஏற்க விரும்பினால், அந்தத் திகதியை முன்கூட்டியே சொல்லுங்கள், உங்களுக்காக ஒதுக்கி வைப்போம். ஐந்து டொலர் தருபவரின் பற்றுச்சீட்டும் அதே புத்தகத்திலிருந்துதான் கிழிக்கப்படும்.

பணத்தைக் காசோலையாகவோ இ-ட்ரான்ஸ்பராகவோ தரலாம். இந்த வேண்டுகோளை உங்களிடம் கொண்டுவந்த குழு உறுப்பினர் விபரம் தருவார். காசாகக் கொடுத்தால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒக்டோபர் 15க்குள் கிடைத்தால் பஸ் முற்பணத்தை நேரத்துக்குக் கட்டிவிடலாம். சேர்ந்த தொகை இலக்குக்குக் குறைந்தால் நடைகளின் எண்ணிக்கையைக் குறைப்போம், பாதுகாப்புப் பொருட்களைக் குறைக்க மாட்டோம். மிஞ்சினால் அடுத்த குளிர்கால பஸ்ஸுக்கு அப்படியே வைப்போம்.

உங்கள் வீட்டில் நடைக்கு வரக் கூடிய அம்மாவோ ஐயாவோ இருந்தால் அவர்களின் பெயரையும் இப்போதே தாருங்கள். என்ன மருந்து எடுக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடப்பார்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற மூன்று விபரமும் போதும்.

நன்றியுடன்,
நடைக் குழுவினர்,
ஸ்காபரோ