ஆண்டறிக்கை: மிசல்களோட ஒரு வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். போன ஏப்ரல்லேர்ந்து இந்த மார்ச் வரைக்கும் நம்ம வாசிப்பு வட்டத்துல என்ன நடந்துச்சுன்னு செயலாளர்ங்கற முறையில சொல்லணும். சண்டிகர், மொஹாலி, பஞ்ச்குலாவுல இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்கள்லேர்ந்து 31 பேர் சந்தா கட்டியிருக்கோம், 11 கூட்டம் நடந்துச்சு, ஜூன்ல மட்டும் வெயில் தாங்காம விட்டுட்டோம். கணக்க பொருளாளர் தனியா படிப்பாங்க, நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன பொதுக்குழுவுல ஒரு அக்கா எழுந்து, இத்தன வருஷமா பஞ்சாப் கோதுமைய தின்னுட்டு இருக்கோம், மகாராஜா ரஞ்சித் சிங் பேர விட்டா இந்த ஊர் சரித்திரம் நமக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க. யார்கிட்டயும் பதில் இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணோம், ரஞ்சித் சிங்குக்கு முன்னாடி இந்த மண்ண கையில வெச்சிருந்த சீக்கியப் படைக்குழுக்களான மிசல்களப் பத்தித்தான் வருஷம் முழுக்க படிக்கறதுன்னு.

முதல் கூட்டம் மிசல்ங்கற ஒரே வார்த்தையிலயே போயிடுச்சு. அரபில அதுக்கு ஒண்ணு போல, சமம்னு அர்த்தம், இன்னொரு அர்த்தம் கோப்பு, கட்டு. எந்தத் தலைவர்கிட்ட எத்தன ஆள், எந்த ஊர் யார் கையிலன்னு அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்துல இருக்கற அகால் தக்த்துல கட்டு கட்டா எழுதி வெச்சதாலதான் அந்தப் பேர்னு சிலர் சொல்றாங்க, எல்லாரும் சமம்ங்கறதாலதான்னு சிலர் சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா ஒரு மிசல்ல இருக்கற குதிரைவீரன் தலைவர் பிடிக்கலன்னா இன்னொரு மிசலுக்குப் போயிடலாம், ஒரு ஊர பிடிச்சா தலைவரான சர்தாரோட பங்கு போக மிச்சத்துல கடைசி ஆளு வரைக்கும் பங்கு உண்டு. பொதுவா பன்னெண்டு மிசல்னு சொல்றாங்க, அதுல பாட்டியாலா, நாபா, ஜிந்த் அடங்குன ஃபூல்கியான் மிசல கூட்டமைப்புக்கு வெளியதான் நிறுத்தணும்னு நம்மள்ல பாதி பேர் கட்சி.

1716ல சீக்கியப் படைய நடத்தின பண்டா சிங் பகதூர டில்லியில கொன்னதுக்கு அப்புறம் சீக்கியர்கள் காட்டுலயும் மலையிலயும் ஒளிஞ்சு திரிஞ்ச காலத்த ஜூலையில படிச்சோம். லாகூர் கவர்னர் ஜகரியா கான் அடிச்சுப் பார்த்து முடியாம 1733ல நவாப் பட்டமும் வரி வாங்கிக்கற ஜாகீர் நிலமும் குடுத்து சமாதானம் பேசினாரு, பெரியவங்க யாருக்கும் அத வாங்க மனசில்ல, கடைசில சபையில கூடியிருந்தவங்களுக்கு விசிறி வீசிட்டு இருந்த கபூர் சிங் தலையில வெச்சாங்க, அவர் நவாப் ஆனப்புறமும் லாயத்துல குதிரைக்கு சேவை செஞ்சாருங்கறாங்க. இத வாசிச்ச நம்ம சீனியர் சார் குரல் கம்மி பாதில நிறுத்திட்டாரு. ஜாகீர் ரெண்டே வருஷத்துல பறிபோச்சு, ஆனா அந்த இடைவெளியில கபூர் சிங் வயசானவங்கள புத்தா தல், இளசுங்கள தருணா தல்னு ரெண்டு படையா பிரிச்சு நிறுத்தினதுதான் பின்னாடி எல்லாத்துக்கும் அஸ்திவாரம்.

1748 பைசாகி பண்டிகை அன்னிக்கு அமிர்தசரஸ்ல சிதறிக் கிடந்த அறுபத்தஞ்சு ஜதாவ, அதாவது சின்னப் படைக்கூட்டத்த, பதினொரு மிசலா சேர்த்து தல் கால்சான்னு ஆக்கினாங்க, தலைமை ஜஸ்ஸா சிங் அஹ்லுவாலியாவுக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவ, பைசாகிக்கும் தீபாவளிக்கும், தங்களுக்குள்ள என்ன சண்டை இருந்தாலும் எல்லா சர்தாரும் அகால் தக்த் முன்னாடி கூடுவாங்க, சீக்கியர்களோட புனித நூலான கிரந்த் சாஹிப்ப நடுவுல வெச்சு முடிவெடுப்பாங்க, அந்த முடிவுக்குப் பேர் குர்மதா, எடுத்துட்டா அது குருவோட சொல்லு மாதிரி, மீற முடியாது. நிரந்தர ராஜாவும் இல்ல, தலைநகரும் இல்ல, இத வெச்சுக்கிட்டு ஆப்கான் மன்னர் அகமது ஷா அப்தாலிய எதிர்த்து நின்னாங்கன்னா அந்தக் கூட்டத்துக்கு இருந்த மரியாதைதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

காசுக்கு என்ன பண்ணாங்கன்னு பொருளாளர் கேட்டதால ராக்கிங்கற பாதுகாப்பு வரி பத்தியும் ஒரு கூட்டம் வெச்சோம். அஞ்சுல ஒரு பங்கு குடு, ரபி அறுப்புக்கு ஒரு தவணை கரீஃப் அறுப்புக்கு ஒரு தவணை, உன் ஊர யார் கொள்ளையடிக்க வந்தாலும் நாங்க நிப்போம், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆப்கான் படையும் மொகலாய அதிகாரியும் மாத்தி மாத்தி உறிஞ்சின கிராமத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

நவம்பர்ல மலேர்கோட்லா பக்கத்துல இருக்கற குப் போனோம். 1762 பிப்ரவரி 5, குடும்பம் குட்டியோட நகர்ந்துட்டு இருந்த சீக்கியர்கள அப்தாலி படை வளைச்ச இடம், வட்டா கல்லுகாரான்னு சொல்ற பெரும் படுகொலை நடந்த இடம். பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்கள நடுவுல விட்டு வீரர்கள் சுத்தி வளையமா நின்னு, அடி வாங்கிக்கிட்டே நகர்ந்திருக்காங்க, வளையம் உடைஞ்சா திரும்ப சேர்ந்திருக்காங்க. செத்தவங்க கணக்கு பத்தாயிரத்துலேர்ந்து முப்பதாயிரம் வரைக்கும் பல மாதிரி இருக்கு. அஹ்லுவாலியா உடம்புல இருபதுக்கு மேல காயம்ங்கறாங்க. ஏப்ரல்ல அப்தாலி பொற்கோயில வெடி வெச்சு தகர்த்து குளத்த தூர்த்துட்டான், அதே வருஷம் தீபாவளிக்கு இவங்க அமிர்தசரஸ்ல திரும்ப கூடிட்டாங்க, 1764ல சிர்ஹிந்த், 1765ல லாகூர் கையில வந்துடுச்சு. நினைவிடத்துல அரைமணி நேரம் யாரும் பேசல, நம்ம பசங்க உட்பட.

லாகூர மூணு சர்தார் பங்கு போட்டாங்க, லெஹ்னா சிங், குஜ்ஜர் சிங், சோபா சிங். குஜ்ஜர் சிங் பேர்ல கிலா குஜ்ஜர் சிங்னு ஒரு பகுதி இன்னிக்கும் லாகூர்ல இருக்கு. அங்க போக வழியில்ல, அதனால ஜனவரியில அமிர்தசரஸ் போய் கட்ரா அஹ்லுவாலியாவுல ஜிலேபி சாப்பிட்டு பொற்கோயில் பக்கத்துல இருக்கற ராம்கடியா புங்காங்கற காவல் மாளிகை வரைக்கும் நடந்தோம். தச்சர் குடும்பத்துல பிறந்து, ராம் ரவுணி மண்கோட்டைய திரும்பக் கட்டி, ராம்கட்னு பேர் வெச்சு, அந்தப் பேரையே தனக்கும் எடுத்துக்கிட்ட ஜஸ்ஸா சிங் ராம்கடியா கட்டினது அது, கோயில அடிக்க யாராவது வராங்களான்னு பார்க்க ரெண்டு உசந்த கோபுரத்தோட. 1783 மார்ச்ல பகேல் சிங்கும் மத்த சர்தார்களும் டில்லி செங்கோட்டைக்குள்ள நுழைஞ்சப்ப அங்கேர்ந்து கொண்டு வந்ததா சொல்ற கல்லு புங்காவுல இருக்கு. பகேல் சிங் டில்லிய வெச்சுக்கல, சுங்க வசூல்ல ரூபாய்க்கு ஆறணா வாங்கி ஏழு குருத்வாரா கட்டிட்டு கிளம்பிட்டாரு. நாம டில்லி போறப்பெல்லாம் போற பங்களா சாஹிப், சீஸ் கஞ்ச் எல்லாம் அந்தக் காசுல எழும்பினதுதான்.

பிப்ரவரி கூட்டத்துல பெரிய வாக்குவாதம், அத மறைக்காம எழுதணும். 1799ல லாகூரையும் 1802ல அமிர்தசரஸையும் பிடிச்ச ரஞ்சித் சிங் 1805க்கு அப்புறம் குர்மதா எடுக்கற அந்த சர்தார் கூட்டத்த கூட்டவே இல்ல, அது சரியா தப்பான்னு. அவர் இல்லன்னா மொத்தமும் போயிருக்கும், சட்லெஜுக்கு இந்தப் பக்கம் 1809லயே இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிடுச்சு பாருங்கன்னு ஒரு கட்சி. என் கருத்து, குர்மதாவ முதல்ல வீணாக்கினது சர்தார்களேதான். அப்தாலி பயம் போனதும் ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டாங்க, ராம்கடியாவ மத்தவங்க சேர்ந்து ஹிசார் பக்கம் துரத்தினாங்க, 1785ல அவர் ரஞ்சித் சிங் குடும்பத்தோட மிசலான சுக்கர்சக்கியாவோட சேர்ந்து வந்து கன்ஹையா மிசல அடிச்சாரு.

அந்தச் சண்டையில செத்தவர் கன்ஹையா தலைவரோட மகன் குர்பக்ஷ் சிங். அவர் மனைவி சதா கவுர், தன் புருஷன் சாவுக்குக் காரணமான சுக்கர்சக்கியா வீட்டுக்கே மகள குடுத்து, கன்ஹையா மிசல தானே நடத்தி, பதினெட்டு வயசு மருமகன் ரஞ்சித் சிங்கோட குதிரையில போய் லாகூர பிடிச்சுக் குடுத்தவங்க. பின்னாடி அந்த மருமகனே அவங்க சொத்தப் பறிச்சு சிறையில வெச்சாரு, 1832ல காவல்லயே செத்துப் போனாங்க. ரஞ்சித் சிங் பேர்ல இருக்கற சிலைகள்ல பத்துல ஒரு பங்காவது இவங்களுக்கு வேணும்னு மகளிர் அணி சொன்னாங்க, நானும் அதையேதான் சொல்றேன்.

குப் பயணத்துக்கு வண்டி ஏற்பாடு பண்ண தம்பிங்களுக்கும், மாசா மாசம் வீட்டக் குடுத்து காபி போட்டவங்களுக்கும் நன்றி. சந்தா பாக்கி ஆறு பேர் இருக்காங்க, மாசக் கடைசிக்குள்ள கட்டிடுங்க. புது வருஷத்துல 1794ல மராட்டியர்கள எதிர்த்து பாட்டியாலாவுக்காக வாள் எடுத்த சாஹிப் கவுர்தான் முதல் பேச்சு, பைசாகி முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு, எங்க வீட்ல.