காப்பித்தூளை விடுங்கள், கையை எடுக்காமல் அழுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்டால் காப்பித்தூளை அப்பினால் போதும், இரத்தம் நின்றுவிடும் என்று சென்ற இதழின் வாசகர் குறிப்புகளில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் சென்னையில் 30 வருடம் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இரத்தத்தை நிறுத்துவது காப்பித்தூள் இல்லை, அந்த இரத்தமேதான். வெட்டுப்பட்டதும் முதலில் இரத்தக்குழாய் சுருங்கிக்கொள்கிறது. அப்புறம் தட்டணுக்கள் வந்து சேர்கின்றன. டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் கவுன்ட் என்று பேசுகிறோமே, அதே தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று பிடித்து, ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் அந்த அடைப்பு லேசானது, தொட்டால் பெயர்ந்துவிடும். இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி, அதன் மேல் வலை பின்னிய பிறகுதான் உறுதிப்படும்.

இந்த வலை பின்னுவதற்குக் கால்சியம் வேண்டும். ஊதா மூடி போட்ட குழாயில் நாங்கள் எடுக்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்குக் காரணம், உள்ளே உள்ள மருந்து கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். மருந்தில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டுப் பாருங்கள், சில நிமிடங்களில் கட்டியாகிவிடும், சாய்த்தாலும் வழியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை எத்தனை தடவை சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருப்பேன்! கண்ணாடி விரியன் கடித்து வருபவர்களுக்கும் இதே சோதனைதான். 20 நிமிடம் அசைக்காமல் வைத்த பிறகும் இரத்தம் தண்ணீராகவே ஓடினால், உறைய வைக்கும் சத்தை விஷம் தீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, இரத்தம் உறையக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. போன மாதம் பெரம்பூரில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கைக்குட்டையால் அழுத்துவார், இன்னொருவர் "நின்னுடுச்சா பாரு" என்பார், உடனே துணியை எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் பிடித்த அடைப்பு துணியோடு பிய்ந்து வந்தது. கடைசியில் நான் போய் உட்கார்ந்து, சுத்தமான துணி வாங்கி, 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்தினேன். நின்றுவிட்டது.

சின்னக் காயம் தானாகவே சில நிமிடத்தில் நின்றுவிடும். அந்தப் பெயரைக் காப்பித்தூள் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் டாக்டர் அந்தத் தூளைக் கழுவி எடுக்கும்போது அடைப்பும் சேர்ந்து போய், மறுபடி இரத்தம் வரும். அழுக்கு உள்ளே தங்கினால் புண் சீழ் பிடிக்கும். மஞ்சள்தூளுக்கும் இதையேதான் சொல்வேன்.

துணி நனைந்துவிட்டால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்காமல் அதன் இரண்டு பக்கமும் அழுத்துங்கள். பீறிட்டு வந்தாலோ, 10 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு நிற்க அதிக நேரம் ஆகும். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காப்பித்தூள் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அடுத்த இதழில் இதையும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
பெரம்பூர், சென்னை – 11